தேர்தல் மாதம், லாரன்ஸ் ரோடு

சிவப்பு வேண்டாம் என்றேன்.
ஜிப்பும் வேண்டாம். அந்தக் கர்ர்...
கரும்புக்கொல்லை முனைவரை கேட்கும்,
காடை எழுந்துவிடும்.

'எத்தனை புக்கு வைப்பீங்கக்கா?' என்கிறான் இதாயத்து.
பையைப் புரட்டி
அடித்தையலில் பாட்டில் தண்ணீரை ஊற்றினேன்.
தண்ணீர் ஒழுகாவிட்டால்
மற்றதும் ஒழுகாது.

அளவு பார்க்கக்
குடை கொண்டுவந்திருந்தார் இவர்.
பக்கவாட்டில் செருகினார்.
வளைந்த பிடி மட்டும் வெளியே.
'ரெண்டு விரல் நீளம் அது' என்றார்,
மெதுவாக.

அது ஸ்டேஷனில் இருக்கிறது,
கழுத்தில் நம்பர் அட்டையோடு,
வோட்டு எண்ணி முடியும்வரை.

முந்நூற்று இருபது. பாசிமணிக் காசு,
எல்லாம் பத்து ரூபாய் நாணயம்.
இதாயத்து இரண்டு முறை எண்ணினான்.

பஸ்சில் கண்டக்டர்,
'முதுகுல இருக்கறத மடியில வைம்மா,
ஆள் நிக்கணும்.'

வைத்தேன்.
ஒரு முயல் கனம்கூட இல்லை.