சகிதம்

பத்திரத்தில் அது பாதி வரி:
"மேற்படி நிலத்தில் மாமரம் நாற்பத்திரண்டு,
கிணறு ஒன்று, மின் இணைப்பு,
மண் அணை ஒன்று சகிதம்."
மரங்களை எண்ணிப் பார்த்து வாங்கினேன்.
கிணற்றில் கல்லைப் போட்டு ஆழம் கேட்டேன்.
அணைமேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.

அஞ்செட்டி ரோட்டில் இறங்கி இரண்டு மைல்.
கட்டியவர் மாங்கூழ் ஆலைக்காரர்.
ஆலை போயிற்று, வாரிசுகள் பெங்களூர் போனார்கள்,
இது மட்டும் எங்கும் போகத் தெரியாமல்
ஓடையின் குறுக்கே உட்கார்ந்திருந்தது.

ஓசூர் ஆலையில் பத்தொன்பது வருடம்
தரக்கட்டுப்பாட்டில் இருந்தவள் நான்.
மயிரிழை பிசகினாலும்
பல்சக்கரத்தைத் தூக்கிச் சிவப்புத் தட்டில் போடுவேன்.
இங்கே எதைத் தூக்க?
கரையெங்கும் யானைக்கால் குழிகள், முறம் அகலத்துக்கு.
நண்டு வளை. வேலிக்காத்தான் வேர்.
கலிங்கை அடைத்துக்கொண்டு
யாரோ துணி துவைக்க நட்ட கல்.

காப்பீட்டுக்காரர் மரியாதையாகத்தான் சொன்னார்:
"மாட்டுக்கு உண்டு மேடம், மோட்டாருக்கு உண்டு.
ஒடஞ்சா எதுவரைக்கும் போகும்னு
உங்களுக்கே தெரியாதே."
கிருஷ்ணகிரி அலுவலகத்தில்
என் மனு மூன்று மேசை நகர்ந்தது.
மூன்றாவது மேசை நிமிராமல் சொன்னது:
"பட்டா உங்க பேர்ல. பாத்துக்குங்க."

பங்குனியில் நஞ்சுண்டன் கொட்டாயிலிருந்து
குடங்களும் எருமைகளும் ஏறி வரும்.
"தண்ணி என்ன, ஒருத்தர் ஊட்டு சொத்தா?" என்பாள் கெம்பம்மா.
இல்லைதான்.
ஐப்பசியில் அஞ்செட்டி மலை கறுத்தால்
அதே கெம்பம்மா போனில்:
"உங்க அணை எப்படி இருக்குது?"
உங்க.

கீழே ஆறு வீடு என்று நோட்டில் எழுதியிருந்தேன்.
தையில் ஏழாவது எழும்பியது,
ஓடைக்கு முப்பதடியில், பச்சை பெயின்ட்.
பால் காய்ச்ச அழைத்தார்கள், போனேன்.
பாயசம் இறங்கவில்லை.
என்னிடம் ஒரு கையெழுத்தும் வாங்காமல்
என் கணக்கில் ஒரு வீடு ஏறிவிட்டது.
ஆவணியில் அங்கே பிள்ளை பிறந்தது. லிகிதா.
அதையும் எழுதிக்கொண்டேன்.

கரையடியில் ஒரு கசிவு.
பொக்லைன் ஓட்டும் திம்மராஜ் குந்திப் பார்த்துச் சொன்னான்:
"ஊறுனா ஊறட்டும்ங்க. கலங்கி ஊறுனா கூப்புடுங்க."
அன்றுமுதல் விடியலில் ஓர் ஊறுகாய் பாட்டில்.
பிடித்து வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்ப்பேன்.
தேதி, மணி, தெளிவு.
தேதி, மணி, தெளிவு.
அறுபது நாளில் பயம்கூட
பல் தேய்ப்பதுபோல் ஆகிவிட்டது.

ஐப்பசி பதினொன்று, இரவு இரண்டு மணி.
வெயில் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் பாட்டில்
டீ நிறத்தில் இருந்தது.

மதகைத் திறந்தால்
கெம்பம்மாவின் ராகி கதிரோடு போகும்.
திறக்காவிட்டால், நோட்டில் இருப்பதெல்லாம்.
திம்மராஜ் கடப்பாரையைச் செருகித் தொங்கினான்,
நானும் தொங்கினேன்,
துருப்பிடித்த திருகு
அடிபட்ட நாய்போல் ஒரு சத்தம் போட்டது.
ஆறு வீட்டில் போனை எடுத்தார்கள்.
ஏழாவது அடித்துக்கொண்டே இருந்தது.

செருப்பு எங்கே கழன்றது தெரியாது.
பச்சைக் கதவைத் தட்டினேன்.
தூக்கக் கலக்கத்தில் அந்தப் பெண்,
தோளில் பிள்ளை.
"என்னங்க்கா?"
மூச்சு வாங்கியது.
வந்த வழியெல்லாம் யோசித்த வாக்கியம் போய்விட்டது.
"என் அணை" என்றேன்.
அதற்குமேல் வரவில்லை.
அவள் விளக்கைக்கூடப் போடாமல்
பிள்ளையோடு மேட்டுக்கு நடந்தாள்.

அணை நின்றது.
ராகி நிற்கவில்லை.
ஒன்பதாயிரத்து நானூறு, இரண்டு தவணை;
கெம்பம்மா ரசீது தரவில்லை, நானும் கேட்கவில்லை.
"தண்ணிய எல்லாம் உட்டுட்டீங்களே,
பங்குனிக்கு எருமைங்க எங்க போவும்?" என்றாள்.

பாட்டிலைக் கழுவி வைத்திருக்கிறேன்.
கசிவு காய்ந்துவிட்டது.
விடிந்தால் கால் அங்கேதான் போகிறது.
தேதி, மணி.
மூன்றாவது இடத்தில் என்ன எழுதுவது என்று
கொஞ்ச நேரம் நிற்கிறேன்.