குடை வேண்டாம்

வீகோ துறைமுகத்து ஆவணக் கிடங்கில்
ஒரு கைத்தாளின் நகல். மத்தி மீன் ஆலைப் பெண்களுக்கு
ஒப்துலியா எழுதியது.
சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் வரியிலேயே முதலாளிக்குப் புகழ்மாலை:
"நல்ல மனிதர், நம் பிள்ளைகளுக்குப் பால் தந்தவர்."
கோழைத்தனம், என்று அடிக்கோடு.
"நாளை கத்தியைத் தொடாதீர்கள்",
ஒரே வரி மூன்று இடத்தில்.
கூறியது கூறல், என்று ஓரத்தில்.

நகலுக்குப் பின்பக்கம் கிடையாது.
மூலத்தாளைக் கேட்டு வாங்கித் திருப்பினால்
மீன்கூடைக் கணக்கு. அதன் கீழே, வேறு மையில்:
"கொதிகலன் பக்கத்தில் மினியா வாசிக்கட்டும்.
வாசலில் மேஸ்திரி நிற்பார்."

அப்போதுதான் எனக்குச் சத்தம் கேட்டது.
நீராவி சீறுகிறது. டப்பா மூடும் இயந்திரம்
ஒவ்வொரு சொல்லிலும் பாதியைத் தின்கிறது.
முதல் முறை முன்வரிசைக்கு,
இரண்டாவது உப்புத் தொட்டிக்காரிகளுக்கு,
மூன்றாவது, கேட்டும் கேட்காதவர்களுக்கு.
புகழ்மாலை மேஸ்திரியின் கழுத்துக்கு.
அவர் தலையாட்டிவிட்டு
சுருட்டுப் பற்றவைக்க வெளியே போய்த் திரும்புவதற்குள்
மீதி எட்டு வரிகள்.

இடம், பொருள், ஏவல்.
நாக்கு நுனியில் வைத்திருந்தேன், கண்ணில் வைக்கவில்லை.
அழிப்பானால் தேய்த்தேன்.
சிவப்பு முழுதாகப் போகவில்லை.

கடைசி வரி மட்டும் இன்னும் பிடிபடவில்லை:
"மழை பெய்தாலும் குடை வேண்டாம்."
கம்பு கொண்டுவந்தார்கள் என்று காவலர் சொல்வார்கள் என்றா,
முகம் தெரியட்டும் என்றா,
இல்லை, குடையே இல்லாத ஒருத்திக்காகவா?
அன்றைய வானிலைக் குறிப்பைக் கேட்டு
மாடிக்குச் சீட்டு அனுப்பியிருக்கிறேன்.