கோப்புப் படம்

விரிஞ்சிபுரத்துக்குக் கீழே, பாலாற்று மணலில்
நான் அவளை எடுத்தது ஒரு சித்திரை மதியம்.
முந்தானை தலைமேல். இடுப்பில் பித்தளைக் குடம்.
குடத்தில் வெயில் பட்டுத் தெறித்தது, அதற்காகத்தான் எடுத்தேன்.
மறுநாள் முதல் பக்கம், ஒற்றைப் பத்தி:
‘குடிநீருக்கு அலையும் பெண்.’
எழுபத்தைந்து ரூபாய் மணியார்டரில் வந்தது.

அப்புறம் ஒவ்வொரு கோடைக்கும்
வேலூர் அலுவலகத்தில் யாராவது அவளை எடுத்து ஒட்டினார்கள்,
கீழே பொடி எழுத்தில் ‘கோப்புப் படம்’.
தேர்தல் துண்டறிக்கையில் வந்தாள்.
சமூக அறிவியல் கையேட்டில், ஐந்தாம் பாடத்தில்,
காட்பாடிப் பையன்கள் அவளுக்கு மீசை வரைந்தார்கள்.
கரை புரண்டு ஆறு வந்த கார்த்திகையில்கூட
‘அன்றும் இன்றும்’ என்று தலைப்புக் கொடுத்து
அன்றில் அவளை நடக்கவிட்டார்கள்.

இருபத்தெட்டு வருஷம் கழித்து
பள்ளிகொண்டா பஸ் நிறுத்தத்தில் கொய்யா விற்றவள்
என் கேமராப் பையைப் பார்த்தாள், பிறகு முகத்தை.
‘நீதான அது?
அன்னிக்கி தண்ணிக்கா போனேன் நானு?
கொடத்த அடகு வெக்கப் போயினு இருந்தேன்.’
சிரித்தாள். எனக்கு வரவில்லை.

‘அது போவுது. எம் பின்னால அவரு
சைக்கிள தள்ளினு வந்தாரே,
அவர இன்னாத்துக்கு வெட்னீங்க?’

ஏகாம்பரம். தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை.
அடுத்த தை பிறக்குமுன் செத்தான்.
மாலை போட ஒரு படம் இல்லாமல்
சுவரில் வெறும் ஆணி.

பூஞ்சை பூத்த நெகட்டிவ்களில் நாலு நாள் தேடினேன்.
பதினேழாவது ஃபிரேம். இடது ஓரத்தில் இருந்தான்,
எள்ளளவு முகம்.
பெரிதாக்கப் பெரிதாக்க உதிர்ந்தது.
மணல் எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது
என்று ஸ்கேனருக்கும் தெரியவில்லை.
இதையா கொடுப்பது என்று கூசிக்கொண்டே கொடுத்தேன்.

எட்டப் பிடித்தாள். கிட்டப் பிடித்தாள்.
ஹேண்டில் பக்கம் ஒரு வெள்ளைத் தீற்றல்,
நான் பூஞ்சை என்று அழிக்கப் பார்த்தது,
அதில் விரலை வைத்தாள் பூஷணம்.
‘துண்டு. சுண்ணாம்பு அரிச்ச கை,
இரும்பு பட்டா எரியும்னு சுத்தி வெச்சிருப்பாரு.’
முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
நாலு கொய்யா பொறுக்கிப் பையில் போட்டாள்,
காசு வாங்கவில்லை.

இந்தப் பங்குனியிலும் போன் வந்தது, அதே படம் வேண்டுமாம்.
முழுதாக அனுப்பினேன். இரண்டு பத்தி என்று கெஞ்சினேன்.
பார்க்கலாம் சார் என்றான் துணை ஆசிரியன்.
ராத்திரி பத்து மணிக்கு ஏதோ நகைக்கடை விளம்பரம்.

காலையில் பிரித்தேன்.
ஒற்றைப் பத்தி. அவள், குடம், வெயில்.
இடது விளிம்பில், வெட்டியவன் கவனிக்காமல் விட்டது,
முன் சக்கரத்தில் கால்வாசி.