உங்க தமிழ்நாடு

வேலூர் – சித்தூர் தடத்தில்
பத்தொன்பது வருஷமாக விசில் ஊதுகிறேன்.
கிறிஸ்டியான்பேட்டை தாண்டினால்
கடைப் பலகைகளில் எழுத்து உருண்டையாகும்,
டீயில் சர்க்கரை ஒரு கரண்டி கூடும்.
அந்த உருண்டை எழுத்துக்குள்ளிருந்துதான்
வனஜாட்சியைக் கூட்டிவந்தேன்.
முப்பத்தைந்து கிலோமீட்டர்.
அரசுப் பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம்.
பதினாறு வருஷமாகியும்
அவள் வந்து சேரவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

"உங்க தமிழ்நாடு" என்றே எதையும் ஆரம்பிப்பாள்.
உங்க தமிழ்நாட்டு வெயில்.
உங்க தமிழ்நாட்டு கரண்ட் பில்.
உங்க தமிழ்நாட்டில் புளிச்சகீரைக்கு மரியாதையே இல்லை.
நான் சும்மா இருப்பேனா?
காட்பாடி சந்தையில் வாங்கிய
இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காயைக்
காம்பைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவேன்:
"இந்த மாதிரி ஒண்ணு உங்க பக்கம் காய்க்குமா?"
"காய்க்கும். இப்படிக் குத்தாது" என்பாள்.
சொல்லிவிட்டு, அதையே எண்ணெயில் வதக்கி
எனக்கு ஒரு கரண்டி,
தனக்கு இரண்டு.

மகளுக்கு எழினி என்று பேர் வைத்தேன்.
ழ இருக்கட்டும் என்று, வேண்டுமென்றேதான்.
சித்தூரில் அவள் எளினி.
அம்மா வாயிலும் எளினி.
பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் மட்டும்
என் பிள்ளை முழுசாக இருந்தாள்.
வனஜாட்சி காசு எண்ணுவது தெலுங்கில்.
காய்ச்சல் வந்தால் முனகுவது தெலுங்கில்.
நான் தமிழில் மாத்திரை கொடுப்பேன்,
கேட்கும்.

ஒரு கார்த்திகையில் வெள்ளம் வந்தது.
ஊரே வேடிக்கை பார்க்கப் போனது, நாங்களும் போனோம்.
திருவலம் இரும்புப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
போலீஸ்காரர் கயிறு கட்டி வைத்திருந்தார்.
கயிற்றின்மேல் சாய்ந்துகொண்டு
"நல்லா பாத்துக்கங்க, எங்க ஊர்த் தண்ணி" என்றாள்.
பொய்யில்லை.
அவள் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் ஓடும்போது
அதற்குப் பேர் நீவா.
எல்லை தாண்டினால் பொன்னை.
கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டுச் சொன்னாள்:
"எம் பேரையாச்சும் மாத்தாம விட்டீங்களே."

அடுத்த தையில் அவள் தம்பி வீட்டுப் புதுமனை.
பந்தியில் எனக்கு எதிரே
தம்பியின் கூட்டாளி, சுதாகர் என்று ஒருவன்.
மூன்றாவது வடையைக் கடித்தபடி,
"உங்க வேலூரா?
ஆத்துல தண்ணி இல்ல,
கோட்டையில ராஜா இல்ல.
அரவம் பேசத்தான் ஆள் இருக்கு" என்றான்.
பந்தியே சிரித்தது.
எனக்குக் கோபம் வரவில்லை.
அந்த ஆற்றையும் கோட்டையையும்
தீபாவளிக்குத் தீபாவளி அங்கே கொண்டுபோய்
சொல்லிச் சிரிக்கவைத்தவளே இவள்தானே.

சாம்பார் வாளியோடு வந்துகொண்டிருந்தவள்
நின்றாள்.
வாளியைத் தரையில் வைத்தாள்.
"மா தமிளநாடுனி ஏமன்னா அன்டே ஊருகோனு."

ஒன்று சொன்னால் சும்மா இருக்கமாட்டாளாம்.
அது இருக்கட்டும்.
தெலுங்கிலும் நமக்கு இருப்பதுபோல இரண்டு உண்டு.
கேட்கிறவனையும் சேர்த்துக்கொண்டால் மன.
அவனை வெளியே நிறுத்தினால் மா.
கூடப் பிறந்தவன், பெற்றவள்,
அத்தைகள், சமையல்காரர், சுதாகர்
எல்லோரையும் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு
உள்ளே யாரோடு நின்றாள்?
ழ அன்றைக்கும் வரவில்லை.
மா வந்தது.
நான் குனிந்து
இலையில் இல்லாத எதையோ வழித்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி கடைசி வண்டி.
டியூட்டியில் தட்சணாமூர்த்தி.
"குடும்பமா? டிக்கெட் எதுக்கு அண்ணே" என்றான்.
இரண்டு முழு, ஒரு அரை,
காசு கொடுத்துத்தான் வாங்கினேன்.
என் தோளில் அவள், அவள் மடியில் எழினி,
காலடியில் கோங்கூராக் கட்டு.
கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்டில்
டார்ச் வெளிச்சம் முகத்தில் விழுந்ததும்
கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:
"உங்க தமிழ்நாடு வந்துருச்சா?"

விசில் சட்டைப்பையில்தான் இருந்தது.
ஊதலாம் போலிருந்தது.
பிள்ளை தூங்குகிறாள் என்று விட்டுவிட்டேன்.