மேல் போர்ஷன்

பன்னிரண்டு நாளாக என் கூரை பேசவில்லை.
இரவு ஒன்பதே முக்காலுக்கு ஒரு நாற்காலி நகரும்,
பிறகு குளியலறைக் குழாய் ஒருமுறை விக்கும்.
அதைக் கேட்டுத்தான் விளக்கை அணைப்பேன்.
இப்போது எப்போது தூங்குவது என்று தெரியவில்லை.

டுலூத்தில் ஜனவரி.
ஏரிக்காற்று சன்னலில் உப்புத்தாள் தேய்க்கிறது.
வெளிப்படியில் முழங்கால் பனி,
ஒரு பூட்ஸ் தடமும் இல்லாமல்.
இறங்கிப் போன தடத்தை மூடிவிட்டதா,
ஏறி வந்தவர் உள்ளேயே விழுந்து கிடக்கிறாரா,
பனிக்கு இரண்டும் ஒன்றுதான்.

டெல்மர் ஆஹோ. ஐம்பது வயதிருக்கும்.
தாதுக் கப்பலில் வேலை, ஏரி உறைந்தால் சும்மா.
வாடகை முதல் தேதியே கதவிடுக்கில் வந்துவிடும்,
எப்போதும் ஏதோ பழைய பில் உறையில்.
இந்த மாதம் இடுக்கில் காற்று மட்டும்.

போன் செய்தேன். பெட்டி நிரம்பிவிட்டது என்றது ஒரு பெண்குரல்.
அவசரத்துக்கு என்று அவர் எழுதிக் கொடுத்த எண்ணை
ஒரு டயர் கடை எடுத்தது.
அப்படி யாரும் இல்லையே என்றவன்
குளிர்கால டயர் வேண்டுமா என்றும் கேட்டான்.

எதிர்வீட்டு லெவர்ன் சொல்கிறான்:
பூட்டை மாற்று, சாமானைத் தெருவில் வை,
போனவன் போனவன்தான்.
வக்கீல் அம்மா சொல்கிறாள்:
போய்விட்டார் என்று உறுதியாகும்வரை
அவர் இருக்கிறார்.
நாற்பது டாலர் வாங்கிக்கொண்டு சொன்ன அந்த வாக்கியத்தைப்
பாத்திரம் கழுவும்போதெல்லாம் திருப்பிப் பார்க்கிறேன்.
என் கணவர் இறந்த வருஷம்
யாரும் எனக்கு இப்படிச் சொல்லவில்லை.

நோட்டீஸ் எழுத மூன்று தாள் கிழித்தேன்.
'அன்புள்ள' என்றால் கேலி.
வெறும் பெயர் என்றால் போலீஸ்.
கடைசியில்:
'திரு. ஆஹோ, நாளை காலை பத்து மணிக்கு உள்ளே வருகிறேன்.
குழாய் உறைந்து வெடிக்குமோ என்று பயம்.
இருந்தால் கதவைத் தட்டுங்கள், உள்ளிருந்து.'

பத்து மணி. பனியை வழித்து வழித்து ஏறினேன்.
கதவு திறந்து முதலில் மூக்கைத்தான் உள்ளே அனுப்பினேன்.
நல்லவேளை. பழைய காபி, ஈரக் கம்பளி, அவ்வளவுதான்.

கட்டிலில் மெத்தை இல்லை.
அலமாரியில் ஏழு ஹாங்கர், ஒரு நல்ல கோட்டு.
இந்தக் குளிரில் கோட்டை விட்டுவிட்டு யார் போவார்?
மெத்தையைத் தூக்கிக்கொண்டு போனவர் எதற்குத் திரும்புவார்?
பிரஷ் இல்லை. சவர நுரை பாதி இருக்கிறது.
மேசையில் என் கேக் தட்டு,
கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தது,
கழுவித் துடைத்துக் கவிழ்த்து.

வக்கீல் சொன்னபடி படம் எடுத்தேன்.
ஆணித்துளை நான்கு. கார்பெட்டில் கறை ஒன்று,
அது எனக்கும் முந்தைய காலத்ததாக இருக்கலாம்.
முன்பணத்தில் எவ்வளவு கழிப்பது,
மீதியை எந்த விலாசத்துக்கு அனுப்புவது.

அப்போதுதான் கேட்டது.
சமையலறைத் தொட்டியில்
நூலளவு தண்ணீர்.
வாஷர் போன ஒழுக்கு அல்ல,
யாரோ விரலால் அளந்து திறந்துவைத்தது.
தொட்டிக்குக் கீழே அலமாரிக் கதவுகளும் விரியத் திறந்திருந்தன,
வீட்டுச் சூடு குழாயைத் தொடும்படி.

மைனஸ் முப்பதில் ஊருக்குப் போகிறவர் செய்கிற காரியம்.
வீட்டை விட்டே போகிறவரும் செய்வாரா,
கீழே ஒருத்தி படுத்திருக்கிறாள் என்று?

தண்ணீர் பில் என் பெயரில்தான் வருகிறது.
மூடவில்லை.
தட்டை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்தேன்.
சாமான் பட்டியலில் அதையும் எழுத வேண்டுமோ என்று
திரும்பிப் போய் வைத்தேன், கவிழ்த்தே.
பூட்டினேன், பழைய சாவியால்.

ஒன்பதே முக்கால்.
கூரை பேசவில்லை.
ஆனால் என் தலைமாட்டுச் சுவருக்குள்
அந்த நூல் இறங்கிப் போவது கேட்கிறது.
பன்னிரண்டு இரவும் கேட்டிருக்கும்,
எனக்குத்தான் அது ஆள் சத்தமாகப் படவில்லை.

சரி என்று
விளக்கை அணைத்தேன்.