கவிதை, பதிப்பு இரண்டு

கருவிக்குப் பெயர் கவிதை.
எவனோ ஆங்கிலத்தில் அப்படி வைத்திருக்கிறான்,
பைத்தன் நிரலுக்கு எந்தெந்தப் பொதிகள் வேண்டும்,
ஒவ்வொன்றிலும் எத்தனையாம் பதிப்பு
என்று கணக்கு வைக்கிற கருவிக்கு.
ஆகவே இன்றிரவு களுவாஞ்சிக்குடியில்
பாமசிக்கு மேல்மாடியில் இருந்து
கவிதையை ஒன்றிலிருந்து இரண்டுக்கு உயர்த்துகிறேன்.
சிரிக்காதீர்கள்.
விடிய நாலு மணிக்கு நவகிரியில் துருசு திறக்கிறார்கள்.

திறப்பது என் நிரல் அல்ல.
அதற்கு ஆள் இருக்கிறான், சாவி இருக்கிறது.
திறக்கப்போகிறது என்று
நாற்பத்தொரு வட்டவிதானைமாருக்குச் செய்தி அனுப்புவது மட்டும்தான்
எங்கள் வேலை.
செய்தி பிந்தினால்
மேல்கண்டத்தில் முழித்திருப்பவன் வாய்க்காலை மறித்துக்கொள்வான்,
கீழ்கண்டத்தில் மண்வெட்டிகள் பேசத் தொடங்கும்.

ஒரு கிழமையாய்க் கச்சான்.
ஜன்னலைத் திறந்தால் அனல், மூடினால் அவியல்.
மடிக்கணினியின் விசிறி
என்னைவிட மோசமாக மூச்சு வாங்குகிறது.

பூட்டுக் கோப்பைத் திறந்தேன்.
மூவாயிரத்துச் சொச்சம் வரிகள்,
வினோதரன் கத்தாருக்குப் போகுமுன் பூட்டியது.
ஒவ்வொரு பொதிக்கும் கீழே
அறுபத்துநாலு எழுத்தில் ஓர் அடையாள அட்டை.
அமைப்புக் கோப்பில், ஒரு பொதியின் பக்கத்தில், அவனுடைய குறிப்பு:
இதைக் கூட்டாதே. ஏன் என்று கேளாதே.
கேட்டேன்.
வாட்சப்பில் ஒற்றைச் சரியோடு நிற்கிறது கேள்வி.

புதிய பதிப்பு மரியாதையாகத்தான் பேசுகிறது.
இந்தப் பிரிவு இனி இந்த இடத்தில் இல்லை,
அந்தக் கட்டளை இனி என்னிடம் இல்லை,
வேண்டுமானால் தனியாகச் செருகிக்கொள்.
முன்பெல்லாம் பூட்டு என்றால்
எல்லாவற்றையும் கிளப்பி, ஏற்றி, பிறகுதான் பூட்டும்,
வீட்டைப் பூட்டச் சொன்னால்
தளபாடத்தையும் மாற்றி வைக்கிறவனைப் போல.
இப்போது பூட்டு என்றால் பூட்டு.
இருந்தது இருந்த இடத்தில் இருக்கும்.
இதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு
ஒரு முழு எண் தேவைப்பட்டிருக்கிறது.
எனக்கு முப்பத்தாறு வயது. குறை சொல்லவில்லை.

மருதமுனையிலிருந்து இஃப்ஹாம் தொலைபேசியில்.
"மறுகா சிங்க் அடி."
"என்ன செய்யும்?"
"பட்டியல்ல இல்லாத எல்லாத்தையும் கழத்திரும்."

சொன்னபிறகு
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பொதிகளைத்தான் சொன்னான்.
அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
ஆனாலும் இந்தக் கரையில்
பட்டியல் என்ற சொல்லுக்கு ஒரு பழைய பதிப்பு உண்டு,
அவன் ஊரிலும் என் ஊரிலும்
இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.
"நான் அடிக்கட்டா?" என்றான்.
"இல்ல, நானே அடிக்கிறன்."

பதினொரு பொதிகள் போயின.
எதற்கென்று வந்தவை, ஒருவருக்கும் தெரியாது.
ஒன்றின் பெயர் மட்டும் வடிவாயிருந்தது.

ஒன்றரைக்குக் கரண்ட் போனது.
ஃபோனின் டேட்டாவில், அதன் வெளிச்சத்தில்,
பரிசோதனைகளை ஓட்டினேன்.
பச்சை, பச்சை, பச்சை, இரண்டு சிவப்பு.
வினோதரனின் பொதியை நான் கூட்டியிருந்தேன்.
திருப்பிக் குறைத்தேன்.
பச்சை.
ஏன் என்று கேட்கவில்லை.

மூன்று முப்பதுக்குச் செய்திகள் போயின.
மூன்று முப்பத்திரண்டுக்கு
வெல்லாவெளியிலிருந்து கனகநாயகம் ஐயாவின் பதில்:
"பிள்ளை, மெசேஜ் ரெண்டு தரம் வந்திற்று.
தண்ணியும் ரெண்டு தரம் வருமா?"

வராது ஐயா என்று எழுதிவிட்டு
எங்கே இரட்டித்தது என்று தேடப் போனேன்.