சிலேவு

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில்
பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடை.
உதிரிபாகப் பட்டியலைத் தமிழில் அச்சடிக்க
முதலாளி என்னிடம் தந்தார்.
பி.காம். படித்தவள், கையெழுத்தும் தேவலை.

வாஷர், புஷ், பேரிங் எல்லாம்
அப்படியே ஏறி உட்கார்ந்துகொண்டன.
ஆண் கப்ளிங், பெண் கப்ளிங் வந்தபோது
கவுண்டரில் சாய்ந்து நின்று
"அக்கா, பெண்ணு ஒண்ணு எடுங்க" என்று
இளிக்கும் பையன்களை நினைத்தேன்.
நுழைமுனை, ஏற்புமுனை என்று எழுதினேன்.
இனி இளிக்கட்டும், பார்ப்போம்.

கிளட்ச் பக்கத்தில் பேனா நின்றுவிட்டது.
மாஸ்டர் சிலிண்டர், சரி.
மாஸ்டர் என்றால் நமக்கு
டீ மாஸ்டர், டெய்லர் மாஸ்டர்.
அதற்கடுத்த வரியில்
மெக்கானிக் மரியதாசன் அண்ணன்
பதினெட்டு வருடமாய்க் கேட்டு வாங்கும் 'சிலேவு'.
ஸ்பானர் போல அதுவும் ஒரு பெயர் என்றுதான்
இருவரும் நினைத்திருந்தோம்.
அகராதியைத் திறந்ததும்
அது ஓர் ஆளாகி எழுந்து நின்றது.

அடிமை உருளை – ஒன்று – ரூ. 640.

எழுதிய கை கூசியது.
ஓலை எழுதி ஆளை விற்ற மண் இது.
அந்த ஓலைக்கும் இந்தப் பில்லுக்கும் நடுவில்
யாரோ கார்பன் தாள் வைத்த மாதிரி.

"மேல் உருளை, கீழ் உருளைண்ணு போடு பிள்ளே"
என்றார் முதலாளி, சில்லறை எண்ணியபடி.
மேல், கீழ்.
நம்ம ஊரில் அந்த இரண்டு சொல்லும்
இரும்போடு நிற்குமா, சார்?

"இரும்புக்கு என்னத்த மானம்?"
மரியதாசன் அண்ணன் சிரித்தார்.
சிரிப்பு பாதியில் நின்றது.
கழிவுப் பஞ்சில் விரல்களை ஒவ்வொன்றாய்த் துடைத்தார்.
"என் பேருலயும் ஒரு தாசன் உண்டு.
அது எங்கம்மை கோயில்ல நேந்து வச்சது.
வித்தவன் வச்ச பேரு வேற பிள்ளே."

அப்புறம்தான் கேட்கத் தோன்றியது:
அது என்ன வேலை செய்யும்?

குந்தி உட்கார்ந்து காட்டினார்.
"மிதிச்சா எண்ணெய் இங்கோட்டு வந்து தள்ளும்.
இது கம்பியைத் தள்ளும். கிளட்ச் விடும்."
விடுமா?
"விடும். இது விட்டாத்தான் கியரே மாறும்."

விடுவிப்பு உருளை என்று எழுதினேன்.
சொல் நீண்டு
விலைக் கட்டத்துக்குள் கால் நீட்டியது.
முதலாளி முகம் சுளித்தார்.
கிடக்கட்டும் என்றேன்.
மாஸ்டரை மாற்றவில்லை.
அதிகாரம் செய்ய ஆளில்லாமல்
இனி அவர் டீ ஆற்றட்டும்.

மறுநாள் காலை
களியக்காவிளை லாரி ஒன்று வழியில் படுத்துவிட்டது.
"பிள்ளே, ஒரு சிலே…"
வாயை மூடி,
உள்ளுக்குள் எதையோ துழாவி,
"அந்த விடுறது ஒண்ணு எடு" என்றார் அண்ணன்.

எடுத்தேன்.
கம்பெனிப் பெட்டியில் பழைய பெயர்தான்,
சிவப்பில், பெரிதாக.
அதை மறைக்கக் கையில் கிடைத்தது
விலைச் சீட்டு மட்டும்.
ஒட்டப் போய்,
கொஞ்ச நேரம் விரலிலேயே வைத்திருந்தேன்.